கிருஷ்ணகிரியில் கில்ட் தைக்க ஒரு கடை: பழையபேட்டை பாய்

ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற மடிப்புப் பாவாடையான கில்ட்டை கிருஷ்ணகிரியில் தைத்து வாங்க முடியுமா என்றால், முடியும், நன்றாகவே முடியும். பழையபேட்டையில் போர்டுகூட இல்லாத சின்னத் தையல்கடை, ரெண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், அவ்வளவுதான். பாய் இளவயதில் பெங்களூரில் ராணுவ பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு யூனிபார்ம் தைக்கிற கடையில் வேலை பார்த்தவர், அதனால் துணியைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துகொண்டார்.

துணி அக்கா மகனுடையது. எடின்பரோவில் படிக்கிறான், அங்கே கையால் தைக்கிற கூலியே நூற்றுக்கணக்கான பவுண்டு ஆகும் என்று துணியை மட்டும் வாங்கி லீவுக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கோர்டன் டார்டன், அதாவது கோர்டன் குலத்துக் கட்டம் போட்ட துணி, நல்ல கனமான கம்பளி; கறுப்பு, பச்சை, நீலம், அதற்குள் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. இரட்டை அகலத் துணி, நீளம் நாலு கெஜம். அதை நீளவாக்கில் ரெண்டாக வெட்டி ஒட்டினால் எட்டு கெஜம், ஒரு ஆளுக்கு அவ்வளவு வேண்டும். துணியின் கரை அப்படியே அடி விளிம்பாக வரும், மடித்துத் தைக்கவே கூடாது. இதை நாங்கள் சொல்வதற்கு முன்னால் பாயே சொல்லிவிட்டார்.

அப்புறம் கேட்டார்: "பின்னாடி கட்டம் தெரியணுமா, கோடு தெரியணுமா? அதைச் சொல்லுங்க சார், அப்புறம்தான் கத்திரி எடுப்பேன்."

இந்தக் கேள்விக்காகவே அவருக்கு முழு மார்க் போடலாம். கில்ட்டில் மடிப்பெல்லாம் பின்பக்கம்தான், முன்பக்கம் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று மூடும். மடிப்பை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, மடித்த பிறகும் பின்பக்கத்தில் கட்டம் முன்பக்கம் மாதிரியே முழுசாகத் தெரிவது. அதற்கு ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்டத்தை (கோடுகள் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்குகிற அளவு) விழுங்கி, வெளியே தெரிகிற அளவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்க வேண்டும், அப்போதுதான் அடுத்த மடிப்பில் கட்டத்தின் அடுத்த துண்டு வரும். இன்னொன்று, எல்லா மடிப்பிலும் ஒரே கோட்டை நடுவில் நிறுத்துவது, இதற்கு மடிப்புக்குச் சரியாக ஒரு கட்டம் போதும். கட்டம் ஆறு அங்குலம், வெளியே தெரிவது ஒரு அங்குலம், 27 மடிப்பு என்று வைத்துக்கொண்டால் முதல் வகைக்கு 189 அங்குலம், இரண்டாவதற்கு 162. முக்கால் கெஜம் வித்தியாசம்! துணி இழுபறியாக இருந்தால் இந்தக் கணக்குதான் முடிவு செய்யும். எங்களுக்கு இரண்டுக்குமே போதுமான துணி இருந்தது.

பாய் வாயால் விளக்கவில்லை. துணியை வெட்டாமல் ஒரு ஓரத்தில் கட்டத்துக்கு ஏழெட்டு மடிப்பு, பக்கத்திலேயே கோட்டுக்கு ஏழெட்டு மடிப்பு என்று குண்டூசி குத்தி பையன் இடுப்பில் பிடித்து நடக்கச் சொன்னார். கட்டம் போட்டது நின்றாலும் நடந்தாலும் ஒரே மாதிரி, அமைதியாக, பார்க்க மரியாதையாக இருந்தது. கோடு போட்டது நிற்கும்போது மஞ்சள் வரி வரியாக நின்றது, காலை எடுத்து வைத்ததும் மடிப்பு பிரிந்து உள்ளே இருந்த பச்சையும் நீலமும் பளிச்சென்று வந்து போனது. 1794-இல் கோர்டன் பிரபு திரட்டிய கோர்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைக்காரர்கள் போட்டதும் இந்தக் கோட்டு மடிப்புதான், மஞ்சள் வரி மேலே தெரிகிற மாதிரி. பேண்டுக்காரர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று அந்த நாலடி நடையிலேயே புரிந்துவிட்டது. எனக்குக் கட்டம்தான் பிடித்திருந்தது, சிவப்பும் வெள்ளையுமாக ஏழெட்டு நிறம் கலந்த துணி என்றால் விட்டிருக்கவே மாட்டேன். கட்டப்போகிறவன் கோடு என்றான், சரி என்றேன்.

தையலுக்கு வருவோம். இடுப்பிலிருந்து பிட்டம் வரைக்கும் மடிப்புகளைக் கையால் தைத்து இறுக்க வேண்டும், மேலே போகப் போக ஒவ்வொரு மடிப்பும் குறுக வேண்டும். அந்தக் குறுக்கலை இரண்டு பக்கமும் சமமாக எடுக்காவிட்டால் கோடு சாய்ந்துவிடும். பாய் தைத்ததில் மஞ்சள் கோடு கீழிருந்து இடுப்புவரை மடிப்பின் நடுவை விட்டு நகரவில்லை. குறுக்கே போகிற கோடுகளும் மடிப்புக்கு மடிப்பு நேராகச் சேர்கின்றன, வலது ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் நூலளவு ஏறி இறங்கியிருக்கிறது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஒட்டுப்போட்ட இடம் ஒரு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது, நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். ஸ்டீம் அயர்ன் கிடையாது, ஈரத்துணி விரித்துக் கரிப்பெட்டியால்தான் தேய்க்கிறார், ஆனாலும் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்குத் தரவில்லை, ரம்ஜான் நேரம் என்பதால் கடை நிறைய பேண்ட் சட்டை, நம் துணி பரண்மேல் கிடந்தது. உள்ளே வைத்த லைனிங் வழவழ பாலியஸ்டர், வேர்க்கும், பருத்தி வேண்டுமானால் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தோல் பட்டையும் பக்கிளும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், நாங்கள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தோம். கூலி 4,500 ரூபாய், அந்தக் கைவேலைக்கு அது குறைவுதான், பேரம் பேசாதீர்கள்.

அகலமான பெட்டி மடிப்பு (இரண்டு ஓரமும் உள்பக்கம் மடங்குகிற மடிப்பு) வேண்டும் என்று போகிறவர்கள் வேறு இடம் பாருங்கள், அது தனக்குப் பழக்கமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கவும் இது கடை அல்ல, ஒற்றை ஆள் கைத்தையல். துணியை வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோங்கள், கட்டப்போகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம்.