டிரெட்நாட் கப்பல் கிட்: கப்பலுக்கு 4 ஸ்டார், வலைக்கு எங்கம்மா போட்ட மார்க் வேற

மொதல்லயே சொல்லிர்றேன், மாடல் கட்டுறதுல நான் பெரிய ஆளு கிடையாது. இது மூணாவது கிட், மொத ரெண்டும் பிளேன், அதுல ஒண்ணு இறக்கை கோணலா ஒட்டி இப்பவும் டிவி மேல ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. இந்த தடவை கப்பல் வாங்கலாம்னு தோணுனதுக்கு ஒரே காரணம் பெட்டி மேல இருந்த படம். எச்எம்எஸ் டிரெட்நாட், பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1906ல தண்ணில இறக்குனது. படத்துல கப்பலோட பக்கவாட்டுல வரிசையா கம்பு கம்பா சாய்ச்சு ஒட்டியிருந்துச்சு, மேல ஒரு திண்ணை மாதிரி நீளமா ஓடுது, அதுல ஏதோ துணி சுருட்டி வச்ச மாதிரி இருக்கு. என்னடா இதுன்னு தேடுனா, அது வலை. கப்பலுக்கு வலை! நான் ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடத்துக்காரன், வீட்டுல மூணு தலைமுறையா வலையோடதான் பொழப்பு, வலை கட்டுன போர்க்கப்பல்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்புறம் வாங்காம எப்படி இருக்குறது.

விலை 6,800, கூரியர் தனி. கம்பெனி பேரு, கடை பேரு எதுவும் போடல, ஏன்னு கீழ படிச்சா புரியும். டெலிவரின்னு சொல்லிட்டு ராமநாதபுரத்துலயே வச்சுக்கிட்டு போன் பண்றாங்க, "சார் அந்தப் பக்கம் வண்டி வியாழக்கிழமைதான் வரும்"னு. சரின்னு நானே பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்தேன், வர்றப்ப பாம்பன் பாலத்துல மடில பெட்டிய வச்சுக்கிட்டு கீழ கால்வாயப் பாத்தேன். நிஜ டிரெட்நாட் முழு லோடுல ஏறக்குறைய 9 மீட்டர் தண்ணி கேக்கும், இந்தக் கால்வாய்ல நுழையவே நுழையாது. என் மடில நல்லபடியா கடந்துருச்சு.

கிட்ட பத்தி சொல்லணும்னா, 350ல ஒரு பங்கு அளவு. நிஜக் கப்பல் 160 மீட்டர், இது 46 சென்டிமீட்டர் வருது. பிளாஸ்டிக் நல்ல தரம், பிசிறு கம்மி. அஞ்சு பீரங்கிக் கூண்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு 12 இன்ச் பீரங்கி, மொத்தம் பத்து, எல்லாமே ஒழுங்கா திரும்புது. புகைபோக்கி, கேப்டன் நிக்குற மேடை, குட்டிப் படகுங்க எல்லாம் அச்சு அசலா இருக்கு. விளக்கப் புத்தகம்தான் படு மோசம், பதிமூணாவது படத்துல ஒட்டச் சொல்ற பாகத்துக்குப் பதினெட்டாவது படத்துலதான் நம்பர் இருக்கு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகு எல்லாம் கரையில, வீட்டுல எல்லாரும் இருக்காங்க, அந்த ரெண்டு மாசத்துல உக்காந்து கட்டிரலாம்னு ஆரம்பிச்சேன். வீட்டுல எல்லாரும் இருந்ததுதான் நல்லதும் கெட்டதும்.

இப்ப வலைக்கு வருவோம், நான் எழுதுறதே அதுக்காகத்தான்.

கிட்டுல வலை சுருட்டி வச்ச மாதிரியே பிளாஸ்டிக்ல வார்த்துக் குடுத்துருக்காங்க, திண்ணை மேல ஒட்ட வேண்டியதுதான். பாத்தா வலை மாதிரி இல்ல, பரோட்டா மாவ உருட்டி நீட்டி வச்ச மாதிரி இருக்கு. கண்ணி (வலையோட ஓட்டை) இல்ல, கயிறு இல்ல, ஒண்ணுமில்ல. அம்மா நண்டு வலை பாத்துக்கிட்டு இருந்தவுக எட்டிப் பாத்து "இதா வலை?"ன்னு ஒரே கேள்விதான். அதோட அத ஒட்டுற ஆசையே போச்சு. விரிச்ச வலையாவே போட்டுரலாம்னு முடிவு பண்ணேன்.

நிஜத்துல அது எப்படி இருந்துச்சுன்னா, நூல் வலை கிடையாது, இரும்பு. எஃகுக் கம்பில வளையம் வளையமா செஞ்சு ஒண்ணோட ஒண்ணு கோத்தது, ஆரம்பத்துல வந்த வலைல பெரிய வளையம் 6.5 இன்ச் அகலம். கப்பலோட பக்கத்துல இருந்து கம்புகள வெளிய தள்ளி, அதோட நுனில இருந்து இந்த வலைய தண்ணிக்குள்ள தொங்க விடுவாங்க. கம்பு ஒண்ணு 40 அடி வரைக்கும் போகும். டார்பிடோ, அதாவது தண்ணிக்குள்ளயே பாஞ்சு வந்து வெடிக்குற குண்டு, வந்தா வலையில முட்டி அங்கயே வெடிக்கும், இல்லன்னா சிக்கி நிக்கும், கப்பலோட உடம்பு வரைக்கும் வராது. ஒயிட்ஹெட்டுன்னு ஒருத்தர் 1860கள்ல தானா ஓடுற டார்பிடோவ செஞ்சதுக்கப்புறம் எல்லா நேவிக்கும் தூக்கம் போயிருச்சு, அதுக்கு பிரிட்டிஷ்காரங்க கண்டுபுடிச்ச மருந்துதான் இந்த வலை. 1877ல தண்டரர்ங்கற கப்பல்லதான் மொதமொதல்ல மாட்டுனாங்க. நங்கூரம் போட்டு நிக்குறப்ப விரிக்குறது, கெளம்புறப்ப சுருட்டி திண்ணையில வைக்குறது. எந்தக் கப்பல் சீக்கிரமா விரிச்சு சுருட்டுதுன்னு அவுங்களுக்குள்ள போட்டியே நடக்குமாம். விடிகாலைல நம்ம ஆளுங்க படற பாட்ட பாத்தவங்களுக்கு அது புரியும்.

சரி, என்ன துணி போடுறது? மொத யோசனை கொசுவலை, எல்லா மாடல்காரங்களும் அததான் சொல்றாங்க. ஒரு துண்டு வெட்டி கம்புல மாட்டிப் பாத்தேன், தூரத்துல இருந்து நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா கைல வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, "கண்ணி பெருசால்ல இருக்கு, எந்த மீனுக்கு இது?"ன்னாங்க. டார்பிடோவுக்குன்னேன். "அது எம்புட்டு தடி?" அந்தக் காலத்து டார்பிடோ 18 இன்ச், அதாவது 45 சென்டிமீட்டர் போல. உக்காந்து கணக்குப் போட்டேன். கொசுவலைக் கண்ணி ஒன்றரை மில்லிமீட்டர், 350ஆல பெருக்குனா 52 சென்டிமீட்டர் வருது. அதாவது டார்பிடோ உரசாமக்கூட உள்ள போயிரும்! மாடல் கட்டுறவன் எவனும் இத கணக்குப் போட்டுப் பாத்துருக்க மாட்டான். நண்டு வலை கட்டுற பொம்பள ஒரு பார்வைல சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல மீன் பேரச் சொன்னா கண்ணி அளவு சொல்லுவாங்க, கண்ணி அளவச் சொன்னா மீன் பேரு சொல்லுவாங்க, அந்தப் பழக்கம்.

சரியான அளவுக்குன்னா கண்ணி அரை மில்லிமீட்டருக்கும் கீழ இருக்கணும், அதுக்கு டீ வடிகட்டிதான் சரி, ஆனா அது வெறப்பா நிக்குது, தொங்க மாட்டேங்குது. கடைசில மாட்டுனது அக்கா கல்யாணத்துல தலைல போட்ட மெல்லிசு வலைத்துணி முக்காட்டுல, அதான் வேல்ல, மிஞ்சுன துணி. ஒரு மில்லிமீட்டர் கண்ணி, கணக்குப் போட்டா 35 சென்டிமீட்டர். அந்த 6.5 இன்ச் வளையத்த விட ரெண்டு மடங்குதான், ஆனா 45 சென்டிமீட்டர் தடி உள்ள போகாது. அம்மா ஓகே பண்ணிட்டாங்க. வெள்ளையா இருந்ததால கறுப்பு இங்க்ல ஒரு ராத்திரி ஊற வச்சேன், அந்தக் காலத்துல பருத்தி வலைக்கு பட்டை அவிச்சு சாயம் ஏத்துவாங்களாம், அதச் சொல்லிக்கிட்டே அம்மா அடுப்படில இருந்து பழைய சட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அக்காகிட்ட இன்னும் சொல்லல.

கம்புகள்ல ரெண்டு குறைஞ்சுச்சு. பாகமெல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் பிரேம்ல அந்த எடமே காலியா இருக்கு, ஒடிஞ்சதில்ல, வார்க்கவே இல்ல. கடைக்கு போட்டோவோட மெயில் போட்டேன், "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ஒரு பதில், அதுக்கப்புறம் சத்தமே இல்ல. வெளக்கமாத்து ஈர்க்குச்சிய சீவி மூணரை சென்டிமீட்டர்ல வெட்டி பெயின்ட் அடிச்சு ஒட்டிட்டேன், எது பிளாஸ்டிக் எது ஈர்க்குன்னு இப்ப எனக்கே தெரியல. பித்தளைத் தகடு பாகங்களுக்கு சூப்பர் க்ளூவ கம்மியா தொடுங்க, நான் கொட்டி, காஞ்சப்புறம் கப்பலோட ஒரு பக்கம் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா ஆயி, சுரண்டவே ரெண்டு நாள் ஆச்சு.

சித்தப்பா ஒரு நாள் சாயங்காலம் வந்தாரு. அவரு விசைப்படகு டிரைவரு. ரெண்டு பக்கமும் வலை விரிச்ச கப்பல சுத்திச் சுத்திப் பாத்துட்டு "ஏம்ப்பா, இத கட்டிக்கிட்டு ஓடுனா விசிறில சுத்திராது?"ன்னாரு. விசிறின்னா கப்பல தள்ளுற புரொப்பல்லர். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா அதுதான் நடந்துச்சு. மொத உலகப்போர்ல 1916 மே 31, ஜட்லாண்ட் கடல் சண்டை, ஜெர்மன்காரங்களோட டெர்ஃப்லிங்கர் கப்பல்ல குண்டு விழுந்து சுருட்டி வச்ச வலை அறுந்து தண்ணில தொங்கி, விசிறில சிக்குற நெலமைக்கு வந்துருச்சு. சண்டை நடுவுல! அந்த சண்டைக்கப்புறம் ஜெர்மன்காரங்க கப்பல்கள்ல இருந்து வலைய கழட்டிட்டாங்க. ராத்திரி கடல்ல விசிறில வலை சுத்தி, கத்திய வாயில கடிச்சுக்கிட்டு குதிச்சு அறுத்தவரு சித்தப்பா, கேட்டுட்டு "பின்ன?"ன்னு மட்டும் சொன்னாரு.

இன்னொண்ணும் அவருக்கு சொன்னேன். டார்பிடோ மூக்குலயே வலை வெட்டுற கத்தி மாட்டி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. "பேத்தை மாதிரின்னு சொல்லு"ன்னாரு. வலைல சிக்குற பேத்தை மீன் சும்மா இருக்காது, கடிச்சுத் துண்டாக்கிட்டுப் போயிரும், அந்த ஓட்டைய அடைக்குறதுலயே நம்மாளுக்கு பாதி நாள் போகும். 1915 மே மாசம் துருக்கில கலிபோலில டிரையம்ஃப், மெஜஸ்டிக்னு ரெண்டு பிரிட்டிஷ் கப்பல், ரெண்டுமே வலை விரிச்சுதான் நின்னுச்சு, யு-21ன்னு ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி 25ஆம் தேதி ஒண்ணு 27ஆம் தேதி ஒண்ணுன்னு ரெண்டையும் அடிச்சு மூழ்கடிச்சுருச்சு. டார்பிடோ வலைய ஊடுருவிப் போயிருச்சு.

பெட்டிக்குள்ள வந்த வரலாற்றுத் தாள்ல இது எதுவும் இல்ல, "டார்பிடோ தடுப்பு வலை பொருத்தப்பட்டது"ன்னு ஒரே வரி. சரி, ஒரு தாள்ல எல்லாமா எழுதுவாங்க. ஆனா டிரெட்நாட்டே 1915 மார்ச்ல ஒரு நீர்மூழ்கிய நேரா முட்டி மூழ்கடிச்சுருக்கு, போர்க்கப்பல் ஒண்ணு அப்படி செஞ்சது அது ஒண்ணுதான்னு சொல்றாங்க, அதையாவது போட்டுருக்கலாம்ல?

வலை தொங்குற ஆழம் பத்தியும் ஒரு வாக்குவாதம். நான் மொதல்ல துணிய குட்டையா வெட்டிட்டேன், அழகா இருக்கட்டும்னு. அம்மா "அடிக்கயிறு எங்க நிக்குது? கீழ்வழியா போயிராது?"ன்னாங்க. அதுவும் நடந்துருக்கு. 1940 நவம்பர்ல இத்தாலில டாரன்டோ துறைமுகத்துல இத்தாலிக்காரங்க கப்பலச் சுத்தி வலை போட்டுருந்தாங்க, ஆனா அது பத்தல, இருந்ததும் கப்பலோட அடிமட்டம் வரைக்கும்தான். பிரிட்டிஷ் பிளேனுங்க போட்ட டார்பிடோ மூணு பெரிய கப்பல அடிச்சுப் போட்டுருச்சு. அடுத்த வருஷம் அமெரிக்காக்காரங்க பேர்ல் ஹார்பர்ல வலையே போடல, தண்ணி 12 மீட்டர்தான், இவ்ளோ ஆழம் கம்மியா இருக்குற எடத்துல பிளேன்ல இருந்து போட்டா டார்பிடோ மண்ணுல குத்திரும்னு நெனச்சாங்க. ஜப்பான்காரங்க அதுக்கு மரத்துல வால் செதுக்கி மாட்டிக் கொண்டு வந்துட்டாங்க. 12 மீட்டர்னா ஏழு பாகம்கூட இல்ல (ஒரு பாகம்னா ஆறு அடி), நம்ம பாக் நீரிணை மாதிரிதான். துணிய இன்னொரு தடவை வெட்டி நீளமா மாட்டுனேன்.

அணியமும் அமரமும், அதாவது கப்பலோட முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் தொறந்து கெடக்கு. அங்கயும் போடுன்னாங்க அம்மா, நான் மாட்டேன்னுட்டேன். நங்கூரச் சங்கிலிய மறைச்சுரும், அந்தச் சங்கிலிய ஒட்ட மூணு ராத்திரி ஆச்சு. ரெண்டாம் உலகப்போர்ல சரக்குக் கப்பல்கள்ல ஓடுறப்பவே இழுத்துட்டுப் போற மாதிரி வலை மாட்டுனாங்க, அதுலயும் ரெண்டு பக்கமும்தான் மூடும், முன்னயும் பின்னயும் தொறந்துதான், அதனால நான் தப்புப் பண்ணலன்னு சொல்லிப் பாத்தேன். ஒத்துக்கல.

வாங்கலாமான்னு கேட்டா, கப்பல் பிடிக்கும்னா தாராளமா வாங்கலாம், 4 ஸ்டார், விளக்கப் புத்தகத்துக்காக ஒண்ணு கொறைச்சுருக்கேன். மொத கிட்டா வாங்காதீங்க, பித்தளைப் பாகம் கண்ணத் தின்னுரும். வலைக்கு நான் ஒரு ஸ்டார் போடலாம்னு இருந்தேன், அம்மா "அதுக்கும் எதுக்கு"ன்னாங்க. பெட்டிய தொறந்ததும் கம்பு எண்ணிப் பாருங்க, பெயின்ட் அடிச்சப்புறம் எண்ணி பிரயோஜனம் இல்ல.

வேல் துணி இன்னும் அரை மீட்டர் மிச்சம் இருக்கு. இதே கிட் வாங்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அனுப்புறேன், கண்ணி அளவுக்கு அம்மா கேரண்டி. அக்காகிட்ட மட்டும் யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.