குமுளிப் பக்கம் பறவை பார்க்கப் போகிறீர்களா? பப்பாளித் தட்டுப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பறவை காட்டுகிறேன் என்று எங்களை ஏமாற்றிய குமுளி லாட்ஜின் பெயரைப் போடப் போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. அவர்களுடைய விளம்பரப் படங்களையே வைத்து இன்னும் இரண்டு பெயர்களில் விளம்பரம் ஓடுகிறது என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தேவலாம் போல என்று யாராவது போய் மாட்டுவார்கள். அதனால் அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியும்.

எனக்குச் சின்னமனூர். குமுளி எங்களுக்கு வெளியூரே கிடையாது, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் வந்துவிடும். ஏமாறுவதெல்லாம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள், நமக்குத் தெரியாத இடமா என்ற நினைப்பு. அதுதான் கவிழ்த்தது.

போனது எனக்காக இல்லை, அக்கா மகனுக்காக. ஒன்பதாவது முடித்திருக்கிறான், பறவைப் பைத்தியம். நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு, பார்த்த பறவைக்கு எதிரே தேதி, இடம், நேரம் எல்லாம் எழுதுவான். பார்க்காதவற்றுக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கிறது, அதில் முதல் மூன்று பெயர்கள் தீக்காக்கை, தவளைவாயன், ஆறுமணிக்குருவி. முழுப்பரீட்சை லீவில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்குள் வேலை, கல்யாணம் காட்சி என்று இழுத்து மே மாதம் மூன்றாவது வாரம் ஆகிவிட்டது.

விளம்பரம் இப்படி இருந்தது: மூன்று பகல், இரண்டு இரவு, இரண்டு பேருக்கு 18,500 ரூபாய், வராந்தாவில் காபி குடித்துக்கொண்டே 40 வகைப் பறவைகள், உத்தரவாதம். கூடவே மூன்று படங்கள். ஒன்றில் சிவப்பு மூடி போட்ட பாட்டில் தொங்குகிறது, அதன் முன்னால் பச்சையாக மின்னும் ஒரு சின்னக் குருவி அந்தரத்தில் நின்று குடிக்கிறது. இன்னொன்றில் நறுக்கிய பப்பாளித் தட்டுக்குப் பக்கத்தில் தீக்காக்கை, நெஞ்செல்லாம் சிவப்பாக. மூன்றாவது ஆறுமணிக்குருவி.

பையன் ஃபோனை வாங்கி ஒரு நிமிஷம்தான் பார்த்தான். "மாமா, இது ரீங்காரச்சிட்டு. அமெரிக்காவுல மட்டும்தான் இருக்கு. அப்புறம் தீக்காக்கை பப்பாளி திங்காது, அது பூச்சி பிடிக்கிறது. ஆறுமணிக்குருவி இப்ப இங்க இருக்கவே இருக்காது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிசைன் பண்ற பையன் ஏதாவது கண்ணுல பட்ட படத்த எடுத்துப் போட்டிருப்பான்டா." சொல்லிவிட்டு 9,250 ரூபாய் முன்பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பதினான்கு வயசுப் பையன் மூன்று படத்திலும் தப்பு இருக்கிறது என்று சொல்லியும் அனுப்பினேன், அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அவன் சொன்ன மூன்றும் சரி. கோஸ்டாரிகா, ஈக்வடார் மாதிரி நாடுகளில் காட்டு லாட்ஜ்களில் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் தொங்கவிடுவார்கள், ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், ரீங்காரச்சிட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து மொய்க்கும். நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம், பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் பூவில் தேன் குடிக்கும். தீக்காக்கை நிழலான மரத்தின் நடுக்கிளையில் ஆடாமல் உட்கார்ந்திருந்து பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிற ஜாதி. அதற்குத் தூரத்து உறவான கெட்சால் மத்திய அமெரிக்காவில் காட்டு வெண்ணெய்ப்பழம் விழுங்கும் என்று பையன் பிறகு சொன்னான். ஆக அந்த ஊர் லாட்ஜைப் பார்த்து யாரோ இங்கே நகல் எடுத்திருக்கிறார்கள், பறவையை மட்டும் கொண்டுவர முடியவில்லை. ஆறுமணிக்குருவியோ குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு, குஞ்சு பொரிக்க மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்விடும். மே மாதக் கடைசியில் அதைக் காட்டுகிறேன் என்பவனிடம் பேச்சுக்கூடக் கொடுக்க வேண்டாம்.

சரி, போய்ச் சேர்ந்தோம். வராந்தாவுக்கு எதிரே ஒரு கம்பம், அதில் ஆணியடித்த பலகை, பலகையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டு, அதன்மேல் பழ ஈ. பக்கத்தில் அந்தச் சிவப்பு பாட்டில் நிஜமாகவே தொங்கியது. பையன் ஆசையாகக் கிட்டே போனவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். சர்க்கரைத் தண்ணீர் புளித்து, கலங்கி, குழாய் வாயில் எறும்பு வரிசை. வெயில் காலத்தில் அதைத் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குடிக்கிற பறவைக்கு நோய். எந்த மாதம் ஊற்றியதோ.

மேனேஜர் வந்தார். "நாளைக்கு ராவிலே வரும் சாரே, எல்லா பக்ஷியும் வரும்" என்றார். மலையாளத்தில் ராவிலே என்றால் காலையில். மறுநாள் காலையில் ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தோம். ஏழு மணிவரை தட்டில் புதுப்பழம் விழவில்லை, ஏனென்றால் பழம் வைக்கிற ஆள்தான் சமையலறையில் தோசையும் சுடுகிறார். ஏழேகாலுக்கு ஒரு பப்பாளியை இரண்டாக வெட்டி வைத்தார். அவர் திரும்பி நடந்து கதவைத் தாண்டுவதற்குள் கூரையிலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி, ஒரு பாதியை வாயிலும் மறுபாதியைக் கையிலும் எடுத்துக்கொண்டு, அவசரமே படாமல் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அன்றைய தீனி அவ்வளவுதான். இரண்டு நாளில் அந்த வராந்தாவிலிருந்து பையன் நோட்டில் எழுதியது பதினொரு வகை. காகம், மைனா, புள்ளிப்புறா, தவிட்டுக்குருவி என்று அதில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வருவது. குக்குறுவான் ஒன்று வந்தது, அதுவும் தட்டுக்கு இல்லை, பக்கத்து ஆலமரத்துக்கு.

"ஹைட்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து படம் எடுக்கிற மறைவிடம், ஒரு இருக்கைக்கு 1,500. பேக்கேஜில் சேர்ந்ததுதானே என்று கேட்டால் அது வேறு இது வேறாம். பச்சை வலை கட்டிய தகரக் கொட்டகை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே பறவை குளிக்க ஒரு சிமெண்ட் தொட்டி. மே வெயிலில் காட்டோரம் தண்ணீர் வைத்தால் பறவை வராமல் இருக்காது, தொட்டியில் தண்ணீர் இருந்தால். பாசி காய்ந்து ஓடு பெயர்ந்து கிடந்தது. நான் சத்தம் போட்ட பிறகு ஒரு வாளி ஊற்றினார்கள், வெடிப்பு வழியாக அரைமணி நேரத்தில் போய்விட்டது. மேலே எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் காலை "காட்டு நடை". வனத்துறை அனுமதிக் கட்டணம் என்று ஆளுக்கு 500 வாங்கினார்கள். ரசீது கேட்டேன், திரும்பி வரும்போது தருகிறேன் என்றார் மேனேஜர். வழிகாட்டியாக வந்த தம்பி வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், நம்ம தமிழ்தான். லாட்ஜுக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி, அதில் ஒரு சந்து, அதற்குள் நுழைந்தோம். பெரிய பெரிய மரம், கீழே ஆள் உயரத்துக்குச் செடி, நிழல். பார்த்தால் காடு மாதிரிதான் இருந்தது. பத்து நிமிஷம் நடந்ததும் மோட்டார் சத்தம். இன்னும் கொஞ்சம் போனால் மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை, ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் மருந்து அடிக்கிறார்கள். ஏலத்தோட்டம். காயெடுக்கிற அக்காமார்கள் நாலைந்து பேர் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் ஏறி இந்த மலைக்குக் கூலிக்கு வருகிறார்களே, அவர்கள்தான்.

"எந்த ஊரு தம்பி, கேமராவும் கையுமா?" என்றார் ஒரு அக்கா.

"சின்னமனூர்க்கா. காட்டுக்குள்ள குருவி பாக்க வந்தோம். ஆளுக்கு 500 கட்டியிருக்கோம்."

அவர் பக்கத்து அக்காவைப் பார்த்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள். "எங்களுக்குக் கூலி குடுத்து உள்ள விடுறாங்க, உங்ககிட்ட காசு வாங்கிட்டு விடுறாங்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மருந்தடிக்கிற தோட்டத்தில் பூச்சி எங்கே இருக்கும், பூச்சி இல்லாத இடத்தில் பறவை எங்கே வரும். பையன் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நடந்தான்.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. தோட்டத்தின் கடைசியில் ஒரு ஓடை, ஓடையோரம் ஈத்தைப் புதர், மெல்லிய மூங்கில் மாதிரி இருக்கும். தம்பி கையைக் காட்டினான். முதலில் எனக்குக் காய்ந்த இலைதான் தெரிந்தது, இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அந்த இலைக்குக் கண் இருப்பது புரிந்தது. தவளைவாயன், ஜோடியாக. சாம்பல் நிறத்தில் ஆண், துருப்பிடித்த மாதிரி சிவப்பில் பெண், தோளோடு தோள் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு. இரவுப் பறவை, பகல் முழுக்க இப்படித்தான் ஆடாமல் தூங்கும், அதுதான் அதற்குப் பாதுகாப்பே. பையனுக்குக் கை நடுங்கியது. நோட்டை எடுக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றான்.

தம்பி பையிலிருந்து கையடக்க ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து அதன் குரலையே போட்டான். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சத்தமாக. இரண்டும் மெதுவாகத் தலையைத் தூக்கி, அலகை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, ஒடிந்த கிளை மாதிரி விறைத்துக்கொண்டன. பயந்தால் அப்படித்தான் செய்யும். எனக்கு அது தெரியாது, நான் அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "கண்ணு தொறந்தா இன்னும் நல்லா இருக்கும்ணே" என்று சொல்லி அவன் ஈத்தையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான். பெண் பறந்துவிட்டது. பட்டப்பகலில், வெட்டவெளியில். எங்கிருந்தோ துடுப்புவால் கரிச்சான் இரண்டு கத்திக்கொண்டே அதைத் துரத்தின. ஆண் மட்டும் அதே இடத்தில் விறைத்தபடி.

"ஏன்ணே ஆட்டுனீங்க?" என்று பையன் கேட்டான். குரல் உடைந்திருந்தது. தம்பி என்னைப் பார்த்தான், நான் கேமராவைப் பார்த்தேன்.

வழியில் அந்தத் தம்பியே சொன்னான், ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூலி, ஸ்பீக்கர் லாட்ஜில் கொடுத்தது, கண் திறந்த படம் கிடைக்காவிட்டால் வருகிறவர்கள் மேனேஜரிடம் போய்க் குறை சொல்கிறார்கள், மேனேஜர் அவனைத் திட்டுகிறார். அவன்மேல் முழுப்பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அடுத்ததாக, "2,000 குடுத்தீங்கன்னா இருவாச்சிப் பொந்து ஒண்ணு இருக்கு, நேர் கீழயே நின்னு எடுக்கலாம்" என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்கே பொறுக்கவில்லை. இருவாச்சிக்குக் கூடே மரப்பொந்துதான், பெட்டை அதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு கிடக்கும், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும், கீழே ஆள் கூட்டம் நின்றால் அது கிட்டே வரத் தயங்கும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது. மாட்டினால் மேனேஜர் வந்து நிற்க மாட்டார், கேமரா வைத்திருக்கிறவன்தான் நிற்க வேண்டும்.

கணக்கு முடிக்கும்போது பெரிய சண்டை. பேக்கேஜ், ஹைட் 3,000, அனுமதி 1,000 எல்லாம் சேர்த்து 22,500. அந்த 1,000 ரூபாய்க்கு ரசீது எங்கே என்றதும் மேனேஜருக்குத் தமிழ் மறந்துபோய் முழு மலையாளத்துக்கு மாறிவிட்டார். எனக்கு மலையாளம் தெரியும் என்றதும் ஓனருக்கு ஃபோன் போட்டார், ஓனர் எடுக்கவில்லை. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் நடக்க வேண்டுமென்றால் தேக்கடியில் வனத்துறையின் சூழல் சுற்றுலா கவுண்டர் இருக்கிறது, இணையத்திலும் பதியலாம், பணத்துக்கு அச்சடித்த சீட்டு வரும். கூட வருகிறவர்கள் பெரும்பாலும் மன்னான், பளியர் சமூகத்து ஆட்கள், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். லாட்ஜ்காரர் கையில் காசை வாங்கிக்கொண்டு வேலிச் சந்து வழியாகக் கூட்டிப்போவது வனத்துறை நடை கிடையாது. அது நிஜமாகவே காடாக இருந்தாலும் ஆபத்து, அனுமதி இல்லாமல் நுழைந்த குற்றம் உங்கள் பேரில்தான்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் நாங்கள் அந்தக் கவுண்டருக்கே போய்ச் சீட்டு வாங்கினோம். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலுக்குக் காலுறை கட்டிவிட்டார்கள். கூட வந்த பெரியவரிடம் பையன் முதல் கேள்வியாக, "ஸ்பீக்கர் வச்சிருக்கீங்களாய்யா?" என்றான். அவர் புரியாமல் பார்த்தார். தீக்காக்கை காணவில்லை. அதை உத்தரவாதம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

எந்த லாட்ஜாக இருந்தாலும் பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பறவை பார்க்கிறவர்கள் பார்த்ததைப் பதிந்துவைக்கிற ஈபேர்ட் தளத்தில் அந்த ஊரைப் போட்டு, நீங்கள் போகிற மாதத்தில் அங்கே ஆட்கள் என்ன பார்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், காசு கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. லாட்ஜுக்கு ஃபோன் செய்து இன்று காலை தட்டுக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். நிஜமாகவே பறவை பார்க்கிற இடமாக இருந்தால் வந்தது வராதது இரண்டையும் சொல்வார்கள். "எல்லாம் வரும் சாரே" என்றால் வைத்துவிடுங்கள். விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், எங்கள் படத்தை நான் போட்டபோது வெளிநாட்டு லாட்ஜ் ஒன்றின் பக்கத்துக்குப் போனது. வீட்டில் பறவை தெரிந்த சின்னப் பையன் இருந்தால் அவனிடம் காட்டுங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள்.

விமரிசனம் எழுதி ஒரு நட்சத்திரம் போட்ட நாலாம் நாள் ஓனரே கூப்பிட்டார். 2,000 ரூபாய் திருப்பி அனுப்பினார், விமரிசனத்தை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. பப்பாளித் தட்டுப் படம் இன்னும் அவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, இப்போது அதன் குறுக்கே "ஓணம் சலுகை 20 சதவீதம்" என்று எழுதியிருக்கிறார்கள்.