சிறுநீரகத் தழும்பைக் கண்டறிய எது? அல்ட்ராசவுண்டா, டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனா?

காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் மாறி மாறி வாட்டிய எங்கள் மகளுக்கு, சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று அறிய, கதிரியக்க மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அல்ட்ராசவுண்ட் முதலில் எடுக்க வேண்டியதுதான். வலியில்லை, கதிர்வீச்சில்லை, வீக்கம், அடைப்பு, பிறவிக் கோளாறு தெரிந்துவிடும். ஆனால் சிறிய தழும்புகள் பலவேளை அதற்குத் தப்பிவிடுகின்றன. இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவை நம்பியும் பயனில்லை. ஒரு சிறுநீரகம் பழுதானாலும் மற்றது ஈடுகட்டிவிடும்.

டி.எம்.எஸ்.ஏ.வில், டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் சேர்த்த மருந்தைக் கைநரம்பில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகப் புறணியில் (வெளி அடுக்கில்) உயிரோட்டமுள்ள திசு அதை இழுத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து அந்த மருந்தின் கதிர்களைப் பதியும் காமா கேமராவில் படம் எடுக்கிறார்கள். குழந்தை அசையக் கூடாது; தலைமாட்டில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்ல திசு அடர்த்தியாகத் தெரிகிறது. தழும்பு விழுந்த இடம் வெளிறி, ஓரம் உள்வாங்கியிருக்கிறது. மொத்த வேலையில் எந்தச் சிறுநீரகத்துக்கு எவ்வளவு பங்கு என்பதும் சதவீதமாக வருகிறது. 45 முதல் 55 வரை இயல்பு. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து சில மாதங்களில் நம் மேல் படும் அளவுதான்.

எந்த ஸ்கேன் என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. தொற்றுக் காலத்தில் எடுத்தால் அழற்சியும் அதே வெளிறலாகத்தான் தெரியும். அதில் பெரும்பகுதி பிறகு தானே மறைந்துவிடும். மறையாமல் நிற்பதுதான் தழும்பு. அவசரப்பட்டு எடுத்த படம் இரண்டையும் பிரித்துக் காட்டாது, பெற்றோரைக் கலங்கடிப்பதுதான் மிச்சம். அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் தொற்றுக்குப் பின் 4 முதல் 6 மாதம் கழித்து எடுக்கச் சொல்கிறது. காத்திருக்கும்போது மீண்டும் தொற்று வந்தால், ஸ்கேன் தேதியை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். முதல் தொற்றிலேயே மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் இந்த ஸ்கேனே வேண்டியிருக்காது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்பது பெரிய வசதி. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படும். நாங்கள் அதை எடுக்கவில்லை, ஆகவே அனுபவத்தில் எடைபோட முடியாது.

மகளின் வலது சிறுநீரகத்தின் மேல்முனையில் ஒரு தழும்பு தெரிந்தது. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது ஆண்டுதோறும் அவளுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கிறோம்.