சூடோடிராகனா, ஃபேரி டிராகனா, சங்குக்குட்டியா?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரையையே கதைக்களமாக வைத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் குழுவுக்கு, கூடவே வந்து அதிர்ஷ்டம் தரும் உள்ளங்கை அளவு டிராகன் ஒன்று வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இருக்கும் சூடோடிராகனை அப்படியே எடுக்கலாம். அதே பதிப்பின் ஃபேரி டிராகனை எடுக்கலாம். இல்லையென்றால் சூடோடிராகனின் எண்களை அடித்தளமாக வைத்துச் சொந்தமாக ஒன்றைக் கட்டலாம். எங்கள் மேசையில் நிலைத்தது மூன்றாவதுதான். வலம்புரிச் சங்குக்குள் குடியிருப்பதால் அதற்குப் பெயர் சங்குக்குட்டி. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுமே மிகச் சிறிய அளவு, மூன்றுமே நல்ல குணம், மூன்றுமே தோளில் உட்காரும். இதில் பேச ஒன்றுமில்லை.

சூடோடிராகனின் பலம் அதன் எளிமை. ஆர்மர் கிளாஸ் (அடிபடாமல் தப்பும் அளவு) 13, ஹிட் பாயிண்ட் (உயிர்) 7, பறக்கும் வேகம் 60 அடி, 100 அடிக்குள் மனதோடு மனம் பேசும் திறன், மந்திரங்களிலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். பிறரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட விதித் தொகுப்பான சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட் 5.1இல் இது இடம்பெற்றிருக்கிறது. அந்த ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், உரியவர் பெயரைக் குறிப்பிட்டு உங்கள் சாகசத்தை வெளியிடவும் தடையில்லை. சிக்கல் அதன் கொடுக்கில் இருக்கிறது. கொட்டு வாங்கியவர் 11ஐ இலக்காக வைத்து கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் போட வேண்டும். தோற்றால் ஒரு மணி நேரம் விஷம். 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மயக்கம். உருட்டிய எண்ணோடு சேர்க்கக் கூட்டல் ஏதும் இல்லாத எதிரி என்றால் டி20இல் (இருபது முகப் பகடை) 1 முதல் 6 வரை விழும்போதெல்லாம் படுத்துவிடுவான், அதாவது 30 சதவீதம். முதல் நிலைக் குழுவின் கையில் இதைக் கொடுத்தால் குட்டி டிராகன் துணையாக இருக்காது, குழுவின் முதன்மை ஆயுதமாகிவிடும். தவிர, அதிர்ஷ்டம் என்று சொல்ல அதனிடம் எதுவுமே இல்லை. மந்திர எதிர்ப்பை 10 அடிக்குள் இருக்கும் எஜமானருக்குப் பகிரும் மாற்று விதி ஒன்று உண்டு. அது ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் காப்பு, குழுவுக்கான அதிர்ஷ்டம் ஆகாது.

ஃபேரி டிராகன் பார்க்க அழகு, நடத்தச் சுமை. நினைத்தபோது மறையும். வயது ஏற ஏற நிறம் மாறும்: 5 வயது வரை சிவப்பு, 51இலிருந்து ஊதா. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு புதிய மந்திரம் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் உருவத்தையே மாற்றும் பாலிமார்ஃப் வரை. அது என்ன செய்கிறது, எங்கே மறைந்திருக்கிறது, இன்று எந்த மந்திரம் மிச்சம் என்பதையெல்லாம் ஆட்டத்தை நடத்தும் டிஎம்தான் தலையில் சுமக்க வேண்டும். குறும்பு வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. அதிர்ஷ்டம் வேண்டுமென்றால் இது வேறு உயிர். மேலே சொன்ன 5.1 ஆவணத்திலும் இது இல்லை, ஆகவே எழுதி வெளியிட நினைப்பவர்களுக்கு உதவாது.

இனி சங்குக்குட்டி. சூடோடிராகனிலிருந்து கொடுக்கை எடுத்துவிடுங்கள். பறக்கும் வேகத்தை 20 அடியாகக் குறைத்து, 40 அடி நீந்தும் வேகம் கொடுங்கள். மனப்பேச்சு வேண்டாம். பயம், பசி, மகிழ்ச்சி ஆகிய மூன்றை மட்டும் அருகில் இருப்பவர் உணர்ந்தால் போதும். மற்ற எண்கள் அப்படியே இருக்கட்டும். இடம்புரிச் சங்கு ஏராளமாகக் கிடைக்கும் கடலில் வலம்புரி எவ்வளவு அரிது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்தப் பிராணி ஏன் அதிர்ஷ்டம் என்று மேசையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதிர்ஷ்டம் வேலை செய்வது இப்படி. மேசை நடுவே சாதாரணச் சங்கு ஒன்று, அதற்குள் மூன்று புளியங்கொட்டை. ஆறு பேர் ஆடினால் நான்கு. 30 அடிக்குள் இருக்கும் கூட்டாளி டி20 உருட்டி, எண்ணைப் பார்த்த பிறகு, முடிவை டிஎம் சொல்வதற்கு முன், ஒரு கொட்டையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு நான்கு சோழியைப் போடலாம். வாய் மேலாக விழுந்தவை எத்தனையோ அத்தனையைக் கூட்டிக்கொள்ளலாம். நான்கும் கவிழ்ந்தால் 8, சோழி வைத்துக் கட்டம் ஆடுகிறவர்களுக்குப் பழகிய கணக்குதான். கொட்டை முன்னால் இருக்கும்வரை அவருக்கு மறுமுறை கிடையாது.

ஒழுங்கான சோழி என்றால் சராசரி சரியாக 2.5, ப்ளெஸ் மந்திரத்தின் டி4 (நான்கு முகப் பகடை) தருவதும் அதேதான். ஆனால் பரவல் வேறு. இலக்கு எண்ணுக்கு ஒன்று குறைந்து, அதாவது ஒன்றில் தவறியிருந்தால் கட்டாயம் தேறிவிடும். இரண்டில் தவறினால் 75 சதவீதம், மூன்றில் 37.5, நான்கில் 12.5. ஐந்து முதல் எட்டு வரை என்றால் பதினாறில் ஒரு வாய்ப்புதான். லக்கி ஃபீட் என்ற சிறப்புத் திறன் போல மீண்டும் உருட்ட விட்டால் நூலிழையில் தவறியதும் படுமோசமாகத் தவறியதும் ஒன்றாகிவிடும். 11 தேவை என்றால் முதலில் விழுந்தது 2 ஆனாலும் 10 ஆனாலும் மறுமுறை 50 சதவீதமே. மயிரிழையில் தப்பவைப்பதுதான் அதிர்ஷ்டம் என்பது என் கட்சி. சோழி அதைச் செய்கிறது.

சோழியைச் சோதித்துவிட்டு ஆடுங்கள். நான்கையும் சேர்த்து 25 முறை போட்டு, வாய் மேலாக விழுந்தவற்றை மொத்தமாக எண்ணுங்கள். நூற்றில் 40 முதல் 60 வரை இருந்தால் சரி. 40க்கே இறங்கினாலும் சராசரி 2.6ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆனால் 8 விழும் வாய்ப்பு 6 சதவீதத்திலிருந்து 13க்கு ஏறிவிடும், பிறகு அது அதிசயமாக இருக்காது. முதுகு தேய்த்துத் தட்டையாக்கிய சோழியையும் முழுச் சோழியையும் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி விழாது. சிமெண்டுத் தரையிலோ பாயிலோ போடுங்கள், மணலில் வேண்டாம்.

இதுவரை சொன்னது எதுவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிப்பது பராமரிப்பு. அதிர்ஷ்டம் தரும் எந்தத் துணையும் மேசையில் இரண்டு வகையில் கெடும். ஒன்று, அது இருப்பதையே எல்லோரும் மறந்துபோவார்கள். இரண்டு, ஒவ்வோர் இரவும் தூங்கி எழுந்ததும் தானாக நிரம்பிக்கொள்வதால் அதற்கு விலையே இல்லாமல் போகும். சங்கும் கொட்டையும் கண்ணெதிரே இருப்பதால் முதலாவது தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ஒரே விதி: லாங் ரெஸ்ட்டில், அதாவது இரவுத் தூக்கத்தில், கொட்டை திரும்பாது. விடியற்காலையில் சங்கைக் கடல்நீரில் முக்கினால்தான் திரும்பும். மிச்சம் இருந்தவை சேர்ந்துகொள்ளாது, மூன்றுக்கு மேல் (ஆறு பேர் ஆடினால் நான்குக்கு மேல்) எப்போதும் இல்லை. பதுக்கி வைக்கும் பழக்கமும் இதனால் குறைகிறது.

இந்த விதியை நம் கடலோடு பொருத்தும்போதுதான் ஆட்டத்துக்கு உயிர் வருகிறது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் விரிகுடா பெண் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை பிடித்தால் நிலைமை தலைகீழ். அடங்கிய கடலில் முக்க உருட்டல் தேவையில்லை. கொந்தளிக்கும் கடலில் முக்கினால் 10ஐ இலக்காக வைத்து டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சோதனை, தோற்றால் ஒரு கொட்டை குறைவாகத் திரும்பும். மண்டபத்திலோ பாம்பன் தீவிலோ இருக்கும் குழு நடந்தே மறுகரைக்குப் போய்விடலாம். ஆடி மாதம் கீழக்கரையில் இருப்பவர்களுக்கு ஆண் கடல் மட்டுமே. ஐப்பசியில் தேவிபட்டினம், தொண்டி பக்கம் இருப்பவர்களுக்கு அதே பாடு. எங்கே தங்குவது, எந்தப் பக்கமாகப் போவது என்று ஆட்டக்காரர்கள் காற்றைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். சூடோடிராகனோ ஃபேரி டிராகனோ இப்படி ஒரு பேச்சைக் கிளப்பியதில்லை.

பரமக்குடி, முதுகுளத்தூர் என்று உள்நாட்டுக்குக் கதை போனால் கொட்டை கரைந்துகொண்டே வரும். அதற்கு ஒரு குடம் கடல்நீர் சுமக்கலாம். அது ஒரே ஒரு கொட்டையைத்தான் மீட்கும், மூன்றாம் நாள் கெட்டுப்போகும். வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தி நீர் கிடைத்தால் இரண்டு. இந்த இரண்டு அளவுகளையும் தாராளமாக்கிவிடாதீர்கள், விதியே நீர்த்துவிடும்.

நடத்தும்போது அடிக்கடி கெடுவது டிஎம் பக்கம். பழக்கத்தில் "தவறிவிட்டது" என்று உடனே சொல்லிவிட்டால் சோழிக்கு இடமே இல்லை. எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லி ஒரு மூச்சு பொறுங்கள். இலக்கு எண்ணையும் வெளியே சொல்லாதீர்கள். தெரிந்துவிட்டால் ஒன்றில் தவறியவர் மட்டுமே கொட்டையை எடுப்பார். ஐந்தாம் நிலை வரை இந்த எண்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பத்துக்கு மேல் அப்படிச் சொல்லத் துணிவில்லை. அங்கே கூட்டல்களும் இலக்குகளும் பெரிதாகிவிடுவதால் சோழியை ஐந்தாக்கிப் பார்க்கலாம் என்பது ஊகம் மட்டும்தான்.

மேசையில் வைக்கும் சங்குக்குட்டி மினியேச்சருக்கு எம்-சீல் போதும். இரண்டு பொட்டலத்தையும் சம அளவு பிசைந்து, வளைத்த மெல்லிய கம்பியின்மேல் உடலைப் பிடித்து, விரல் நுனியளவுச் சங்கில் பொருத்தி ஓர் இரவு இறுக விடுங்கள். அடித்தட்டு 15 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். காய்ந்த கடல் குதிரை அச்சு அசலாக டிராகன் போலவே இருக்கும், ஆனால் அதைத் தொடவே வேண்டாம். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.