குளிர்காலத்தில் முதுகுப்பையோடு ஐரோப்பா போகிறீர்களா? எங்களிடம் பணம் பிடுங்கிய விதங்களைப் படித்துவிட்டுப் போங்கள்

நானும் தம்பியும் சென்ற குளிர்காலத்தில் பாரிஸ், வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று நான்கு ஊர்களைச் சுற்றி வந்தோம். விடுதிகளில் தங்கி, பேருந்திலும் ரயிலிலும் போய், முடிந்தவரை செலவைக் குறைத்துச் செய்த பயணம். ஊர்களின் அழகைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எங்களை ஏமாற்றியவர்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இந்த டிசம்பரில் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்களிடம் பணம் பறித்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள்: நம்முடைய அவசரம். டிசம்பர் கடைசியில் பிராக்கிலும் புடாபெஸ்ட்டிலும் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். தோளில் பெரிய பை, விறைத்துப்போன விரல்கள், எங்கேயாவது உள்ளே நுழைந்தால் போதும் என்ற நினைப்பு. அந்த நிலையில் யாரும் நின்று பலகையைப் படிக்கப்போவதில்லை, ரசீதைச் சரிபார்க்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதே சமயம், அந்த நாடுகளின் சட்டம் பல இடங்களில் பயணியின் பக்கம்தான் இருக்கிறது. அந்த உரிமையை இத்தனை மணிக்குள், இத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று கெடு இருப்பதால், ஊருக்குத் திரும்பிய பிறகு தெரிந்துகொண்டால் பல சமயம் பயன்படாது.

முதலில் பிராக். நாங்கள் தங்கிய விடுதியில் நகர வரியையும் முன்பணத்தையும் செக் நாணயமான கொருனாவில், ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றார்கள். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் கிடையாது. பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 'கமிஷன் 0' என்று பெரிதாக எழுதிவைத்த ஒரு நாணய மாற்றுக் கடைக்குப் போய் 200 யூரோ கொடுத்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நோட்டுகளை வாங்கி உள்ளே தள்ளிவிட்டு, ஒரு ரசீதை அச்சடித்து, 3,400 கொருனாவை எண்ணிக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு யூரோவின் மதிப்பு 24 கொருனாவுக்கு மேல். நியாயமாக 4,800க்கு மேல் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு யூரோவுக்கு 17 கொருனாதான் கிடைத்தது. 1,400 கொருனா போய்விட்டது. நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கம். கமிஷன் பூஜ்யம்தான், அதில் பொய் இல்லை. விகிதத்தில்தான் கையை வைத்திருக்கிறார்கள். பலகையில் கண்ணில் படும்படி எழுதியிருந்தது அவர்கள் யூரோவை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

"திருப்பிக் கொடுங்கள், வேண்டாம்" என்று அங்கேயே கேட்டோம். ரசீது போட்டாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார். இது பச்சைப் பொய்.

விடுதி வரவேற்பில் இருந்த செக் மாணவி ரசீதைப் பார்த்ததும் மணி என்ன என்றுதான் முதலில் கேட்டாள். 2019 ஏப்ரலில் இருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்பு வரையிலான நாணய மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ரசீதும், வாங்கிய கொருனா மொத்தமும் கையில் இருக்க வேண்டும். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. அந்த வங்கியின் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு திரும்பப் போனோம். அதே ஆள் மறுபடியும் தலையாட்டினார். தம்பி பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டி, "நாளைக்கே வங்கிக்குப் புகார் எழுதுவோம்" என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னான். ஒரு வார்த்தை பேசாமல் 200 யூரோவை எடுத்து வைத்தார். சட்டம் அவருக்கு முன்பே தெரியும். எங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் பிராக்கில் பணம் மாற்றினால் மூன்று மணி நேரம் போகும்வரை அந்தக் கொருனாவில் கை வைக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பே, "200 யூரோவுக்கு எத்தனை கொருனா என் கைக்கு வரும்?" என்று கேட்டு எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தெருவில் வந்து "நல்ல ரேட் தருகிறேன்" என்று கூப்பிடுகிறவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். இப்படிக் கைமாறி வருவது பல சமயம் செல்லாத வேற்று நாட்டு நோட்டாக இருக்கும், அந்த ஆளை மறுபடி கண்ணாலும் காண முடியாது. அதே சதுக்கத்தில் கரி அடுப்பில் சுட்டு விற்கும் பன்றி இறைச்சிக்குப் பலகையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கானது. கேட்காமலேயே பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். எடையைச் சொல்லி வாங்குங்கள்.

அப்படியானால் ஏடிஎம் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்முக்குப் போங்கள். சுற்றுலாத் தெருக்களில் கடைக்குக் கடை நிற்கும் தனியார் இயந்திரங்கள், உங்கள் பணத்தை ரூபாயிலோ யூரோவிலோ கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயப்படும்படி அந்தத் திரை அமைக்கப்பட்டிருக்கும். தைரியமாக மறுங்கள், பணம் வரும். எங்களுக்குத் திரையில் காட்டிய விகிதம் வங்கி விகிதத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் மோசம். உணவகத்தில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். பிராக்கில் கொருனா, புடாபெஸ்ட்டில் ஃபோரிண்ட் என்று அந்தந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். யூரோ மட்டும் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை இந்த இரண்டு ஊர்களிலும் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். கிளம்பும் முன்பே அது எவ்வளவு என்று உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரிஸில் எங்களை ஏமாற்றியது ஒரு தனி ஆள். கார் து நோர் ரயில் நிலையத்தில் மெட்ரோ டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, "வெளிநாட்டுக் கார்டு இதில் வேலை செய்யாது, வாரப் பாஸ் நான் எடுத்துத் தருகிறேன்" என்றார். தன் கார்டைத் தேய்த்து ஆளுக்கு ஓர் அட்டை எடுத்துக் கொடுத்து, தலைக்கு 35 யூரோ ரொக்கமாக வாங்கிக்கொண்டார். முதல் பயணத்துக்குக் கதவு திறந்தது. இரண்டாவது பயணத்தில் சிவப்பு விளக்கு. அட்டைக்குள் இருந்தது ஒற்றைப் பயணச் சீட்டு, 2.50 யூரோ.

அந்த நிலையத்துக்குப் பின்னால்தான் லா ஷாப்பேல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. சாப்பிடப் போன இடத்தில் கடைக்கார அண்ணன் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இதிலை உங்கடை படம் இல்லையே. வாரப் பாஸ் எண்டால் படம் ஒட்டின கார்ட் வேணும். இனி ஒருத்தரிட்டையும் வாங்காதேங்கோ, மெஷினிலை நீங்களே எடுங்கோ."

அவர் சொன்னது சரி. பாரிஸில் 2 யூரோவுக்குக் கிடைக்கும் படமில்லாத நவிகோ ஈஸி அட்டையில் வாரப் பாஸ் ஏற்றவே முடியாது. வாரப் பாஸும் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்ற கணக்கு இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழன் தாண்டிவிட்டால் அந்த வாரத்துக்கு வாங்கவும் முடியாது. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆள் வாயைத் திறந்ததுமே விலகிப் போயிருப்போம். வெளிநாட்டுக் கார்டு அந்த இயந்திரங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. நிலைய ஊழியர்கள் யாரும் ரொக்கம் வாங்கிக்கொண்டு தங்கள் கார்டைத் தேய்க்க மாட்டார்கள்.

வியன்னாவைப் பற்றிக் குறையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நம்மவர்கள் சிலர் அங்கே நியாயமான விஷயத்துக்கும் சண்டை போடுவதைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான பானத்துக்குப் போட்டிருக்கும் விலையைவிடச் சில யூரோ கூடுதலாக வாங்குவார்கள். அது குவளைக்கான முன்பணம். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். அருங்காட்சியகத்தில் பெரிய பையைப் பாதுகாப்பறையில் வைக்கச் சொல்வதும், ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு வாங்குவதும் அந்த ஊர் வழக்கம். இவற்றுக்கெல்லாம் கோபப்பட வேண்டாம்.

புடாபெஸ்ட்டில் நடந்தது இவை எல்லாவற்றையும்விட மோசம். பணம் போனதைவிட அதில் உயிரே போயிருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏழாவது வட்டாரத்தில், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு பழைய கட்டடத்தில் சிறிய வீடு ஒன்றை இணையத்தில் பதிவு செய்திருந்தோம். வெப்பமூட்டும் வசதி வாடகையிலேயே அடங்கும் என்று விளம்பரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கும். எங்கள் வீட்டில் அது பற்றவே இல்லை. பற்றினாலும் கையை எடுத்ததும் அணைந்துவிடும். வெளியே மைனஸ் ஆறு டிகிரி.

வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினோம். அவர் அனுப்பிய பதிலை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன். சமையலறை கேஸ் ஓவனைப் பற்றவைத்து, அதன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், அறை சூடாகிவிடும் என்றார். அது பிடிக்கவில்லையென்றால் மின்சார ஹீட்டர் கொண்டுவருகிறேன், ஓர் இரவுக்கு 15 யூரோ, ரொக்கமாக.

இதைச் சத்தமாகவே சொல்கிறேன். மூடிய வீட்டில் கேஸ் ஓவனையோ அடுப்பையோ எரியவிட்டுத் தூங்கவே கூடாது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று வரும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாமல் போய்விடும். குளிருக்கு ஜன்னல்களை இறுக்கி மூடியிருக்கும் வீட்டில் இது இன்னும் ஆபத்து. அந்த நாட்டுப் பேரிடர் மேலாண்மைத் துறை குளிர்காலம்தோறும் இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊரிலேயே வீடு வைத்திருப்பவர் பதினைந்து யூரோவுக்காக இப்படி ஒரு யோசனை சொல்கிறார் என்றால் என்ன மனிதர்! கேஸில் எரியும் எதுவும் உள்ள வீட்டில் தங்கினால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். உள்ளே இருக்கும்போது எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வாருங்கள், 112ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர உதவிக்கு இதே எண்தான்.

நாங்கள் ஓவனைத் தொடவில்லை. ஹீட்டர் அணைவதை வீடியோ எடுத்து, அவருடைய செய்தியையும் சேர்த்து, அந்த இரவே பதிவு செய்த தளத்தில் புகார் கொடுத்துவிட்டு ஒரு விடுதிக்கு மாறினோம். தங்காத இரவுகளுக்கான பணம் திரும்பி வந்தது. முதல் இரவுக்கானது வரவில்லை. வீட்டுக்காரரோடு தொலைபேசியில் பேசாதீர்கள். எல்லாமே அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுத்தில் இருக்கட்டும். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கடைசியாகப் பேருந்து. பிராக்கிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரவுப் பேருந்தில் டிக்கெட் எடுத்திருந்தோம். பிராக்கின் ஃப்ளோரென்ட்ஸ் பேருந்து நிலையத்தில் நின்றோம். 'வந்துகொண்டிருக்கிறது' என்று செயலி சொல்லிக்கொண்டே இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் காத்திருக்கும் கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். அப்புறம்தான் 'ரத்து' என்று செய்தி வந்தது. பனிப்பொழிவு இல்லை, சாலை மூடவில்லை, காரணமும் சொல்லவில்லை. மாற்றுப் பேருந்து பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கூப்பனை மட்டும் அனுப்பினார்கள். எங்களோடு கைக்குழந்தையுடன் ஒரு குடும்பமும் நின்றது. அந்த அம்மா குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை. விடிந்ததும் எங்கள் கைக்காசில் ரயில் டிக்கெட் எடுத்துத்தான் புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தோம்.

இதற்கு ஒன்றியத்தின் 181/2011 என்ற பேருந்துப் பயணிகள் விதி இருக்கிறது. 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் பேருந்துகளுக்கு அது பொருந்தும். நீங்கள் எந்த நாட்டவர் என்பது கணக்கில்லை. பேருந்து ரத்தானாலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினாலோ, டிக்கெட் பணமா மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு. பணம் கேட்டால் 14 நாளுக்குள் பணமாகவே தர வேண்டும். நாம் ஒத்துக்கொண்டால் மட்டுமே கூப்பன். இந்தத் தேர்வையே நம் முன் வைக்கவில்லையென்றால் டிக்கெட் விலையில் பாதியை அதற்கு மேல் இழப்பீடாகக் கேட்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாக இருந்து, நிலையத்தில் 90 நிமிடத்துக்கு மேல் காக்கவைத்தால் சிற்றுண்டி தர வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் ஓர் இரவுக்கு 80 யூரோ வரை, இரண்டு இரவுகளுக்கு அறைச் செலவு அவர்களுடையது. கடும் வானிலையால் ரத்தானால் மட்டும் அறை கேட்க முடியாது. அதனால்தான் அன்றைய வானிலையையும் படம் பிடித்து வையுங்கள் என்கிறேன்.

நாங்கள் கூப்பனை ஏற்கவில்லை. செயலியின் ஸ்கிரீன்ஷாட்டுகள், டிக்கெட், ரயில் ரசீது எல்லாவற்றையும் இணைத்து விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதினோம். முதல் பதிலில் மறுபடியும் கூப்பன். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு டிக்கெட் பணம் கார்டுக்கு வந்தது. பாதி விலை இழப்பீடு இன்னும் வரவில்லை, விடப்போவதும் இல்லை. புகாருக்கு ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு பதிலும், மூன்று மாதத்துக்குள் முடிவான பதிலும் அவர்கள் தந்தாக வேண்டும். நாம் புகார் அனுப்பவும் பயண நாளிலிருந்து மூன்று மாதம்தான் நேரம். இதே மாதிரி எங்கேயாவது குளிரில் நிற்கவைக்கப்பட்டு, கூப்பனோடு ஊர் திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லையென்றால் இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.