மூக்குக்கு மார்க் போட்ட மூன்று வாரம்

மெல்பர்னில் அக்டோபர் பிறந்தால் எனக்குப் புல் மகரந்த அலர்ஜி. டிசம்பர் வரை கைக்குட்டையும் கையுமாகத்தான் அலைவேன். ஊருக்குப் போனால் தப்பிக்கலாம் என்று டிசம்பர் கடைசியில் கும்பகோணம் வந்தால், பரணிலிருந்து எனக்காகவே இறக்கிய இலவம்பஞ்சு மெத்தை காத்திருந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் தொடர்ந்து பதினேழு தும்மல். மகரந்தத்துக்குப் பதிலாக டஸ்ட் மைட், அதாவது மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெல்பர்ன் டாக்டர் பழக்கிவிட்ட ஒரு வழக்கம் உண்டு. அடைப்பு, ஒழுகல், தும்மல், அரிப்பு நான்குக்கும் 0 முதல் 3 வரை மார்க். ஒன்றுமில்லை என்றால் 0, தாங்கவில்லை என்றால் 3, மொத்தம் 12. மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளிலும் இந்தக் கணக்கு உண்டு. மருந்து தொடங்கும் முன்பே சில நாள் எழுதி வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். எழுதினேன்: 9, 10, 9.

காது மூக்கு தொண்டை கிளினிக்கில் டோக்கன் 34. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததில் உள்ளே நடப்பது முழுக்கக் காதில் விழுந்தது. "இப்ப எப்படி இருக்கு?" "பரவால்ல டாக்டர்." "அப்ப அதையே போடுங்க." எதைவிடப் பரவாயில்லை? போன மாதத்தைவிடவா, நேற்று ராத்திரியைவிடவா?

எனக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும். ஸ்பிரே முழுப் பலன் காட்ட இரண்டு வாரம்கூட ஆகலாம், நடுவில் விடாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் கிளினிக் அக்கா நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்: இடது மூக்குக்கு வலது கை, நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். ஆறு வருஷமாகத் தப்பாக அடித்திருக்கிறேன். மெல்பர்னில் யாரும் அடித்துக் காட்டச் சொன்னதே இல்லை.

அன்றே அம்மா மெத்தையையும் மாற்றிவிட்டார். ஒரு வாரத்தில் 5, 4. ஆனால் ஸ்பிரேயா, மாத்திரையா, மெத்தையா? மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு யாருக்கு மார்க் போடுவது!

மாமாவின் கதை வேறு. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்து, இரண்டு வருஷமாகத் தினமும். "ரெண்டே நிமிஷம் மாப்ள, கதவு திறந்த மாதிரி இருக்கும்" என்றார். விட்ட கையோடு கேட்டால் அவர் சொல்வது நிஜம், அடைப்பு 0. விடியற்காலை நாலு மணிக்கு 3. அந்தச் சொட்டைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும். அதனால்தான் ஆய்வுகளில் அந்த நிமிஷத்து நிலையோடு, கடந்த 12 மணி நேரம் எப்படி இருந்தது என்றும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எது ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடிக்க அது உதவும். ஸ்பிரே வேலை செய்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பொங்கல் முடிந்து மறுபடி போனேன். நோட்டை நீட்டினால் சிரிப்பார் என்று நினைத்தேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"எல்லாம் மூணு, நாலுன்னு போயிட்டிருக்கு. இங்க மட்டும் 8 போட்டிருக்கீங்களே, என்ன ஆச்சு?"

"போகி, டாக்டர்."