மலிவா, பசுமையா: அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவே ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். ஆளும் கட்சி என் அம்மா. ஆடி பிறந்துவிட்டால் தள்ளுபடி விளம்பரங்களைப் படித்து முடித்த பிறகுதான் தலைப்புச் செய்திக்கு வருவார். எதிர்க்கட்சி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். பள்ளியின் பசுமைப் படையில் இருக்கிறாள். கேரி பேக்கைக் கண்டால் நல்ல பாம்பைக் கண்டதுபோல விலகுவாள். சென்ற ஆடியில் மதுரை மாசி வீதியில் ஒரு கடை வாசலிலேயே இருவருக்கும் வாக்குவாதம். "இதெல்லாம் பூமிக்குக் கேடு அப்பத்தா" என்றாள் ஒருத்தி. "இருநூறு ரூபாய் மிச்சம், அது யாருக்குக் கேடு?" என்றார் மற்றவர். பணம் கொடுக்கிற நான் நடுவில் நின்றேன்.

அன்றிலிருந்து ஆறேழு மாதம், வீட்டுக்கு வாங்கும் ஒவ்வொன்றையும் இரண்டு கணக்கிலும் எழுதிப் பார்த்தேன். முடிவு இரு கட்சிக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை.

பை

எளிய கேள்வி என்று நினைத்துத்தான் இதை முதலில் எடுத்தேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பிறகு கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தையே வைத்தார்கள். சென்னை போயிருந்தபோது மகள் ஆசையாக அதில் ஒன்று எடுத்து வந்தாள்.

அவளுடைய உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றியது ஒரு டென்மார்க் அறிக்கை. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாக நெய்த சாதாரணப் பருத்திப் பை, அங்குள்ள சூப்பர் மார்க்கெட் நெகிழிப் பையை வெல்ல வேண்டுமானால் அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். இது பருவநிலை பாதிப்புக்கு மட்டுமான கணக்கு. நீர், ஓசோன் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. இயற்கைப் பருத்தி என்றால் 20,000 முறை! பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும், நெகிழிப் பையோ எடையே இல்லாதது. அதனால் இந்தக் கணக்கு.

அந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே தூக்கி வரவும் முடியாது. அங்கே பை குப்பைத் தொட்டிக்குப் போய், எரிந்து மின்சாரமாகிறது. இங்கே வைகைக்குள் போகிறது, கால்வாயை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் தங்குகிறது. தெருவில் சிதறும் குப்பையின் கேடு அந்த எண்களில் இல்லை. ஆனாலும் ஒன்று உறைத்தது: பத்து ரூபாய் தானே என்று போகுமிடமெல்லாம் புதுத் துணிப்பை வாங்கினால் அதுவும் குப்பைதான்.

எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து எண்ணினேன். கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பைகள் மட்டும் பதினேழு. போதாததற்கு, அப்பாவின் பழைய கால்சட்டையில் அம்மா தைத்த இரண்டு பைகள். அந்த இரண்டுக்கும் புதுப் பருத்தி ஒரு நூல்கூடச் செலவாகவில்லை, விலையும் இல்லை. இந்தச் சுற்றில் அம்மாவுக்கே வெற்றி. மகள் தன் மஞ்சப்பையை ஒவ்வொரு முறை எடுத்துப் போகும்போதும் சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு போடத் தொடங்கினாள்.

காய்கறியும் மளிகையும்

மூன்று வழிகள்: உழவர் சந்தை, சூப்பர் மார்க்கெட், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் செயலி.

உழவர் சந்தைகளில் முதலாவது, 1999 நவம்பர் 14 அன்று எங்கள் ஊர் அண்ணா நகரில்தான் தொடங்கியது. அடையாள அட்டை உள்ள விவசாயி நேரடியாக விற்கிறார், இடையில் தரகர் இல்லை, அன்றைய விலை பலகையில் இருக்கிறது. வாங்குபவருக்கு மலிவு, விற்பவருக்கு மொத்தச் சந்தையைவிடக் கூடுதல். பக்கத்து ஊர்களிலிருந்து வந்த காய், தட்டும் இல்லை, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் இல்லை. இரண்டு கட்சிகளும் கைகுலுக்கும் இடம் இது. குறை என்னவென்றால் விடியற்காலையில் எழ வேண்டும். எட்டு மணிக்குப் போனால் கழிவுதான் கிடைக்கும். அதை மலிவு என்று அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

செயலியை நான் முழுதாகத் திட்டத் தயாரில்லை. மழைநாளில் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக நான் வண்டியை எடுப்பதைவிட, பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒருவர் கொண்டு வருவது எரிபொருளில் மிச்சமாகவும் இருக்கலாம். ஆனால் பத்து நிமிட அவசரத்தில் பத்து வீட்டுப் பொருள் ஒன்றாகச் சேர்வது அரிது. அதைவிட, 'இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்ற ஒரு வரி செய்யும் சேதம் பெரிது. அந்த அறுபது ரூபாயில் வந்த தயிரும் காளானும் எங்கள் குளிர்பதனப் பெட்டியில் கெட்ட வரலாறு நீளமானது. இந்தியாவில் வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த இரண்டாவது பொருள் குப்பைக்குப் போனால், முதலாவதுக்குத்தான் முழு விலையும் கொடுத்திருக்கிறோம்.

மளிகையில் நான் எதிர்பார்க்காத வெற்றியாளர் ரேஷன் கடை. பொட்டலமே இல்லாத கடைகளை இப்போது பெருநகரங்களில் புதுமை என்கிறார்கள். நாம் அரை நூற்றாண்டாகப் பையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அதே மாதிரிக் கடை வாசலில்தான் வரிசையில் நிற்கிறோம். விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குச் சீனி. 25 ரூபாய்ப் பாமாயில் மட்டும் இடிக்கிறது. அது பாக்கெட்டில் வருகிறது என்பது சிறிய குறை. செம்பனைத் தோட்டங்களுக்காக இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகள் அழிந்தன என்பது பெரிய குறை. மரச்செக்குக் கடலை எண்ணெய் அதைப்போலப் பல மடங்கு விலை. வடை சுடும் நாளில் பாமாயில், தாளிக்கக் கடலை எண்ணெய் என்று சமாதானம் செய்திருக்கிறோம். நல்ல சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.

சில்லறையாக வாங்கும் பருப்பு வகைகள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் இருக்கின்றன. ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடி வரிசை படத்துக்கு அழகாக இருக்கும்தான். அதற்காக இருக்கிற பாட்டிலைத் தூக்கிப் போடுவதில் பசுமை எங்கே இருக்கிறது?

ஷாம்பு: உண்மையான மோதல்

மற்ற இடங்களில் மலிவும் பசுமையும் எங்காவது சந்தித்துக்கொண்டன. இங்கேதான் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

பாக்கெட் ஷாம்பு நம் ஊர்ச் சரக்கு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த யோசனை அது. அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து சிக் ஷாம்பு கொண்டுவந்தார். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போட்டுக் குளிக்க வழி பிறந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா முதன்முதலில் ஷாம்பு போட்டது அப்படி ஒரு பாக்கெட்டில்தான். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் புதிதாக ஒன்று இலவசம் என்றும் அந்நாளில் கொடுத்தார்கள். குப்பையைக் குறைப்பதற்காக இல்லை, வியாபாரத்துக்காகத்தான். ஆனாலும் காலி உறைக்கு ஒரு விலை இருந்தது.

இப்போது அந்த உறையைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். அது ஒரே வகை நெகிழி. ஷாம்பு பாக்கெட்டில் பல அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரிக்க முடியாது, உருக்கினால் உதவாது.

சரி, பாட்டிலுக்கு மாறலாம் என்றால் விலை குறுக்கே நிற்கிறது. பொதுவாகப் பெரிய அளவு வாங்கினால் மலிவு என்று நினைப்போம். ஷாம்பில் தலைகீழ். எங்கள் தெருக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டையும் அதே பெயர் கொண்ட பாட்டிலையும் மில்லிக்கு வகுத்துப் பார்த்தேன். பாட்டிலின் விலை இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. நாலு பேர் வாரம் இரண்டு முறை தலைகுளித்தால் ஆண்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட உறைகள். அவ்வளவும் சேர்ந்து ஒரு பை நிறையாது, ஆனால் ஒன்றுகூடத் திரும்ப எதுவாகவும் ஆகாது.

மூன்றாவது வழி சீயக்காய். சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூந்திக்கொட்டை, காய்ந்த செம்பருத்தி எல்லாம் வெயிலில் போட்டு, மில்லில் கொடுத்து அரைத்தோம். செலவு பாக்கெட்டைவிடக் கூடவில்லை, குப்பை இல்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி. யார் முதலில் கைவிட்டது தெரியுமா? பசுமைப் படை. கண் எரிகிறதாம், பள்ளிக்கு நேரமாகிறதாம், தலையில் பொடி நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குச் சீயக்காய், வாரநாளுக்குப் பெரிய பாட்டில் என்று முடித்தோம். பாட்டிலால் ஆகும் கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். தினக்கூலியில் வாழும் வீட்டுக்கு இதே முடிவைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கையில் பத்து ரூபாய் இருக்கும்போது பாட்டில் என்பது ஒரு தெரிவே கிடையாது.

மற்றப் பொருட்களுக்கு ஒரு குறிப்பு: பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்ற அலகு விலையும் இப்போது அச்சாகிறது. 'குடும்பப் பொதி' என்று கொட்டை எழுத்தில் போட்டது சிறியதைவிட விலை கூடுதல் என்பதை இரண்டு முறை அங்கேதான் பிடித்தேன்.

ஆடைகள்

ஆடித் தள்ளுபடி, திருப்பூர் ஏற்றுமதி மிச்சச் சரக்கு, அக்கா மகள் போட்டு வளர்ந்த உடுப்பு. மூன்றில் கடைசியே பணத்துக்கும் பூமிக்கும் நல்லது. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நமக்கு அந்த எண்ணைவிட, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைச் சொன்னால் புரியும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் பிறகு திறக்க முடிந்தது. அந்தச் சுத்திகரிப்புக்குச் செலவு இருக்கிறது. 99 ரூபாய் பனியனைப் பார்க்கும்போது அந்தச் செலவு இதில் சேர்ந்திருக்கிறதா என்ற கேள்வி எனக்கு வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

மிச்சச் சரக்கை நான் ஆதரிக்கிறேன். அது ஏற்கெனவே தைத்து முடித்தது, தையல் பிசகினாலோ ஆர்டர் மாறினாலோ தங்கியது. ஆனால் ஆறு எடுத்தால் விலை குறைகிறது என்று ஆறு எடுத்துவிடுகிறோம். சென்ற ஆடியில் அம்மா மிச்சம்பிடித்த இருநூறு ரூபாய், பட்டியலில் இல்லாத இரண்டு நைட்டிகளுக்குப் போனது.

மின்விசிறி

கடையின் விலைச்சீட்டைப் பார்த்தால் அம்மா பக்கம் வெற்றி, மின்கட்டண ரசீதைப் பார்த்தால் மகள் பக்கம். சாதாரண மின்விசிறி 75 வாட் அளவில் ஓடும், பி.எல்.டி.சி. எனப்படும் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வகை 30 வாட்டில் முடித்துக்கொள்ளும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சம். யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் ஆயிரத்துக்கு அருகில் வருகிறது. கூடுதல் விலை இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் லாபம் இன்னும் அதிகம், அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் போய்விடுகிறது. இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கும் வீட்டுக்கு இதனால் காசு மிச்சமில்லை. நன்றாக ஓடுகிற பழைய விசிறியைக் கழற்றாமல், கெட்டதை மாற்றும்போது மட்டும் மாற்றுகிறோம்.

தங்கையின் குழந்தைக்குத் துணியா டயப்பரா என்றும் கேட்டார்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008 ஆய்வில், கொடியில் காயப்போட்டு அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் துணி வெல்கிறது. சூடான நீரில் துவைத்து இயந்திரத்தில் உலர்த்தினால் தோற்கிறது. மதுரை வெயிலில் இது கேள்வியே இல்லை. இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர், பகலுக்குத் துணி. துவைப்பது யார் என்பதைத் தங்கையும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளட்டும்.

கடைசியாக, 'பசுமை' என்று பெயர் ஒட்டி விற்கும் பொருட்கள். மகளின் பிறந்தநாளுக்கு இணையத்தில் நான்கு மூங்கில் பல்துலக்கிகள் வரவழைத்தோம். ஷூ பெட்டி அளவு அட்டைப்பெட்டி, அதற்குள் குமிழ் வைத்த நெகிழி உறை, அதற்குள் இன்னோர் உறை. விலை, சாதாரணத்தைப்போல மூன்று மடங்கு. மகள் அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே அதிகம் பேசாமல் இருந்தாள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் போய்ப் பூண்டு போட்டு வைத்தார்.

காலண்டரில் நேற்று வரை முப்பத்தெட்டுக் கோடுகள். இன்று காலை உழவர் சந்தைக்கு அம்மா அந்த மஞ்சப்பையைத்தான் எடுத்துப் போனார். திரும்பி வந்ததும் வெங்காயச் சருகை உதறி, பையை ஆணியில் மாட்டிவிட்டு, பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.